மூன்றாம் ஓலை

லண்டன் மோர்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர், எல்லோரும் பென்சன் எடுத்தவர்கள், எல்லோருக்கும் முழங்கால் வலி. அவர்கள் நடுவே மரியநாயகி ஒருத்திதான் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. முழங்கால் வலி அவளுக்கும் இருந்தபடியால் பெரிய வேறுபாடு தெரியாது.

வேலை இதுதான். இங்கிலாந்தின் தெற்கே, டோர்செட் பக்கம், ஆஷ்கம்ப் என்றொரு குக்கிராமம். அந்த ஊர்க் கோயிலில் இருநூறு முந்நூறு வருசங்களுக்கு முன் நடந்த கலியாணங்களைப் பாதிரிமார் மைதொட்டு எழுதிவைத்த பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்புவார்கள். அதைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து தங்கள் பூட்டன் பூட்டியைத் தேடுகிற சனம் பேரைத் தட்டினால் ஆள் வந்து நிற்க வேண்டும், அதற்காக. சம்பளம் கிடையாது. இஞ்சி பிஸ்கட் உண்டு. தேத்தண்ணியும் தருவார்கள், அதைத் தேத்தண்ணி என்று சொல்ல மரியநாயகிக்கு மனம் வராததால் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோவாள்.

"உங்களுக்கு ஏன் மாமி, ஆரோ செத்த வெள்ளைக்காரற்ர வெடிங்?" என்று அண்ணன் மகள் தனுஷியா கேட்பாள்.

"சும்மா இருக்கேலாமல்தான்" என்பாள் மரியநாயகி.

அது பாதி உண்மை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபது வருசம் நின்று வேலை செய்தவளுக்கு வீட்டில் குந்தியிருக்க முடியவில்லை என்பது சரிதான். மற்றப் பாதி என்னவென்றால், இந்த வேலை அவளுக்குப் பழைய வேலை. பாசையூரில் பங்குச் சுவாமி, அதாவது பாதிரியார், இருந்த அறைவீட்டில் அவள் ஏழு வருசம் எழுதுவினைஞராக இருந்தவள். ஞானஸ்நானம், கலியாணம், சாவு, எல்லாம் அவள் கையால்தான் பதிவேட்டில் ஏறும். பாதிரிமாரின் கையெழுத்து எந்த நாட்டிலும் எந்த நூற்றாண்டிலும் கோழி கிளறிய மாதிரித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாகத் திண்டாடுகிற வரியை அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வாசித்துவிடுவாள்.

வாசிக்க வாசிக்க அந்த ஊர்ச் சனத்தில் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்திருந்தது. ஆஷ்கம்ப் மாப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பேர் வரவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. சில இடங்களில் பெண் வடிவாகத் தன் பேரை எழுதியிருப்பாள், பக்கத்தில் மாப்பிள்ளையின் பெருக்கல் குறி கோணிக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்று வந்தால் "கொஞ்சம் பொறுத்திருக்கலாமடி பிள்ளை" என்று திரையைப் பார்த்துச் சொல்லுவாள். தமிழில் சொல்லுவதால் யாருக்கும் குறையில்லை.

பிறகு ஓலைப் புத்தகம் வந்தது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோயிலில் ஒரு கலியாணம் நடக்கவிருந்தால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமி அதை அறிவிப்பார். இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னாரைக் கலியாணம் முடிக்கப் போகிறார், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக்குருவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள், இது முதலாம் ஓலை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்தது மூன்றாம் ஓலை. எழுதுவது கடதாசியில்தான் என்றாலும் எங்கள் சனம் அதை ஓலை என்றே சொல்லும். மூன்றாம் ஓலை வாசித்துத் தடை வராவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. மிச்சத்துக்குப் பலகாரம் சுட்டால் சரி. இங்கிலாந்துக் கோயில்களிலும் இதே முறைதான் என்றும், ஆஷ்கம்ப் பாதிரியார் அதற்கென்றே தனிப் புத்தகம் வைத்திருந்தார் என்றும் கண்டபோது மரியநாயகிக்குப் பிளாஸ்க் மூடியைத் திறக்கக் கை வரவில்லை.

ஏனென்றால் அவளுக்கும் ஓலை வாசித்தது. இரண்டு ஓலை.

மாப்பிள்ளை கிளறன்ஸ். அதே ஊர், வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டி செபஸ்தியாம்பிள்ளையின் மூத்த மகன். சொந்த வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போகிறவன். ஞானஸ்நானச் சான்றிதழ் எடுக்க அறைவீட்டுக்கு வந்தவன், எடுத்த பிறகும் வந்துகொண்டிருந்தான். ஒரு ஆளுக்கு எத்தனை ஞானஸ்நானம் என்று சுவாமியே கேட்டுச் சிரித்தார். செபஸ்தியாம்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை; அவர் மகனுக்கு வேறு பெரிய இடம் பார்த்து வைத்திருந்தார். மூன்றாம் ஓலை அன்று கிழவன் எழும்பித் தடை சொல்லும் என்று ஊரில் கதை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கிளறன்ஸ் மட்டும் "அப்பு சொல்ல மாட்டார். சொன்னாலும் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான். அவள் தன் ஓலையைத் தானே எழுதினாள். முதலாம் ஓலை வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள்ளே முகத்தை ஒளித்துக்கொண்டு, சந்தோசத்தில் அழுதாள்.

அது தொண்ணூற்றைந்தாம் வருசம், ஐப்பசி. இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், ஆமி வருகுது என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நடந்தது. மரியநாயகி தாயையும் இழுத்துக்கொண்டு கொடிகாமம் வரைக்கும் போனாள். கிளறன்ஸ் வீட்டார் வள்ளம் வைத்திருந்தபடியால் கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அடுத்த வருசம் இவள் பாசையூருக்குத் திரும்பினாள். அவன் அந்தப் பக்கம். இடையில் போர்முனை. தபால் இல்லை, ஆள் இல்லை. மூன்றாம் ஓலை வாசிக்கவேயில்லை.

ஊர் விடுமா? "இடம்பெயர்வு செபஸ்தியாம்பிள்ளைக்கு வாய்ச்சுப்போச்சு. தேப்பனும் மகனும் நல்லாத் தப்பியிட்டினம்" என்றார்கள். முதலில் அவள் நம்பவில்லை. ஒரு வருசம், இரண்டு வருசம், ஒரு சொல்லும் வராமல் போக, நம்பத் தொடங்கினாள். தாய் செத்த பிறகு லண்டனில் இருந்த அண்ணன், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று கூப்பிட்டான். வந்தாள். வந்த அன்றே அண்ணனிடமும் மச்சாளிடமும் ஒரு சட்டம் போட்டாள்: கிளறன்ஸின் பேச்சு இந்த வீட்டில் எடுக்கக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எதுவும் கூடாது. பேசி வந்த கலியாணங்களையும் வேண்டாம் என்றுவிட்டாள். வந்தவர்களில் ஒருவர் நல்ல மனிதர், ஸ்ட்ரெதமில் சொந்த வீடு. "எனக்கு ஓலை வாசிச்சது" என்றாள் அவரிடம். அந்த மனிதர் மேலே எதுவும் கேட்காமல் எழும்பிப் போனார்.

கோபத்தினால் சட்டம் போட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். உள்ளே கிடந்தது ஒரே ஒரு கேள்வி. ஊர் ஓடாமல் இருந்திருந்தால், அந்த மூன்றாவது ஞாயிறு, தகப்பன் எழும்பியிருந்தால், கிளறன்ஸ் எந்தப் பக்கம் நின்றிருப்பான்? அவன் தன்னை விரும்பினானா, அல்லது தப்பத்தான் விரும்பினானா? முப்பது வருசமாக இது தெரியாமல் அவள் உடுப்புத் தோய்த்தாள், அண்ணன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனாள், வாரா வாரம் பூசை கண்டாள். பூசையில் யாருக்கும் கலியாண அறிவித்தல் வாசித்தால் மட்டும், இருமல் வந்தவள் போல எழும்பி வெளியே போய் நிற்பாள்.

இனி ஆஷ்கம்ப். ஆயிரத்து எழுநூற்று எண்பத்து நான்காம் வருசப் பக்கத்தின் நடுவில் ஒரு வரி. ஜெத்ரோ டன், ஹானா வெப், இருவரும் இந்தக் கோயில் பங்கு. முதலாம் வாசிப்பு அக்டோபர் பத்து. இரண்டாம் வாசிப்பு அக்டோபர் பதினேழு. மூன்றாவது கட்டம் வெறும் வெள்ளை.

மேலே உள்ள சோடிகளுக்கும் கீழே உள்ள சோடிகளுக்கும் மூன்று தேதியும் இருந்தன. இந்த ஒன்றுக்குத்தான் இல்லை. மரியநாயகி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். மை மங்கியிருக்கலாம் என்று வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் கை தானாகப் போய் அந்தக் கட்டத்தில் அக்டோபர் இருபத்து நான்கு என்று அடித்தது. பதினேழுக்கு அடுத்த ஞாயிறு அதுதானே. அடித்துவிட்டு, மற்ற வரிகளுக்குப் போய்விட்டாள். ஏழு வருசம் அறைவீட்டில் ஒரு எழுத்துப் பிழை விடாதவள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஹிலரி. பழைய பள்ளிக்கூட ரீச்சர். அடித்ததை எல்லாம் அவள்தான் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். அங்கே ஒரே ஒரு சட்டம்: உள்ளதை உள்ளபடி. பாதிரியார் பிழையாக எழுதியிருந்தால் பிழையாகவே அடிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஹிலரி அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேரி, இந்தத் தேதியை எங்கே பார்த்தாய்?" மரியநாயகி என்ற பேரில் அவள் நாக்குக்கு ஏறியது அவ்வளவுதான்.

மரியநாயகிக்குக் காது சுட்டது. "வாசித்திருப்பார்கள்" என்றாள் ஆங்கிலத்தில். "பாதிரியார் எழுத மறந்திருப்பார்."

"இருக்கலாம். ஆனால் அது எங்களுக்குத் தெரியாதே" என்றாள் ஹிலரி பக்குவமாக. "சண்டை பிடித்திருக்கலாம். ஒருவர் செத்திருக்கலாம். அவனைக் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். வேறு பங்குக்குப் போய் அங்கே வாசித்திருக்கலாம். யாராவது தடை சொல்லியிருந்தால் மட்டும் பாதிரியார் 'தடுக்கப்பட்டது' என்று எழுதியிருப்பார். இங்கே அது இல்லை."

"நான் தேடிப் பார்க்கட்டா?"

"பார். அதுவரை அந்தத் தேதியை எடுத்துவிடு."

எடுக்கவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்தக் கிழமை முழுவதும் தனுஷியாவின் லாப்டாப்பைப் பிடித்துக்கொண்டு ஹானா வெப்பைத் தேடினாள். ஆஷ்கம்ப் கலியாணங்களில் இல்லை. பக்கத்துப் பங்குகளில் இல்லை. ஜெத்ரோவும் இல்லை. சாவுப் பதிவிலும் இருவரும் இல்லை. சோறு அடிப்பிடித்தது. மச்சாள் முகத்தைச் சுழித்தாள்.

தனுஷியாவுக்கு விசயம் அரைகுறையாகத் தெரியும். மாமி வளர்த்த பிள்ளை. வீட்டில் அந்தச் சட்டத்துக்குப் பயப்படாத ஒரே ஆளும் அவள்தான். லாப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "மாமி, டோ‌ர்செட்டில இருநூறு வருசத்துக்கு முதல் செத்த பொம்பிளையை ஒரு கிழமையாத் தேடுறீங்கள். சவுத்தாலுக்கு ட்ரெயின் போகுது. ஒருக்கா ஏறிப் பாத்தீங்களா?"

மரியநாயகி அவளை முறைத்தாள். 

சவுத்தால் கதை போன வருசம் வந்தது. ஸ்ட்ரெதமில் ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தில், ஊர்க்காரி ஒருத்தி கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கட பாசையூர்க் கிளறன்ஸ் குடும்பம் ஹொலண்டில இருந்து வந்து சவுத்தாலில மீன்கடை போட்டிருக்கினம். பாவம், அவர்..." என்று தொடங்கினாள். சட்டம் சட்டம்தான். மரியநாயகி மிச்சத்தைக் கேட்காமல் தட்டை வைத்துவிட்டு எழும்பி, பக்கத்தில் இருந்த தனுஷியாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து சவுத்தால் என்ற பேரைப் பஸ்ஸின் நெற்றியில் கண்டாலும் கண்ணைத் திருப்பிக்கொள்ளுவாள்.

ஒரு வியாழக்கிழமை போனாள். மோர்டனில் ஏறி, நடுவே மாறி, சவுத்தாலில் இறங்கினாள். என்ன கேட்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தாள். சண்டைக்குப் போகவில்லை. ஒரே கேள்வி. அப்பு எழும்பியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அவன் உண்மையைச் சொல்லட்டும், அது எதுவாகவும் இருக்கட்டும், அவள் திரும்பி வந்துவிடுவாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். மீன்கடைக்கு யாராவது காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போவார்களா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. "கிளறன்ஸ் மீன்கடை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. உள்ளே ஐஸ் மேல் பாரையும் விளையும் அடுக்கியிருந்தன. கவுண்டருக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, றப்பர் ஏப்ரன் கட்டி, ஒரு மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவனைக் காணவில்லை.

"என்ன வேணும் அக்கா?"

"விளைமீன் இருக்கோ?" என்றாள் மரியநாயகி. ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"இருக்கு. வெட்டித் தரவோ?"

"ஓம். கிளறன்ஸ் இல்லையோ?"

அந்தப் பெண் கத்தியால் பின்சுவரைக் காட்டினாள். திரு இருதயப் படம். அதன் கீழே இன்னொரு படம், முன்னால் சின்னச் சிவப்பு மின்விளக்கு. தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் அதே ஆள்தான். ஞானஸ்நானச் சான்றிதழுக்குத் திரும்பத் திரும்ப வந்த அதே ஆள்.

"அவர் மோசம் போய் நாலு வருசமாச்சு. ஹொலண்டிலயே. அதுக்குப் பிறகுதான் நாங்கள் இங்கால வந்தனாங்கள். நீங்கள் ஆர்? ஊரோ?"

"பாசையூர்."

"பாசையூரில ஆர்?"

"மரியநாயகி."

கத்தி பலகையில் இறங்கியது. அந்தப் பெண் கையைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள்.

"அறைவீட்டு மரியநாயகியோ?" என்று கேட்டாள்.

அவள் பேர் யசிந்தா, கிளறன்ஸின் மனைவி, இளவாலைக்காரி. கடைக் கதவைச் சாத்திவிட்டு மரியநாயகியைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், மீன் வந்த வெள்ளை ரெஜிஃபோம் பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு கதிரையில் இருத்தினாள். தான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தாள். மரியநாயகியின் கண் அறைவாசல் வழியாக அந்தச் சிவப்பு விளக்கிலேயே நின்றது. கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தாயிற்று, பதில் சொல்ல ஆளில்லை. எழும்பிப் போய்விடலாம் என்றிருந்தது, முழங்கால் கேட்கவில்லை.

"ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ" என்றாள் யசிந்தா. "அவரைத் தேடியோ வந்தனீங்கள்?"

"ஒரு சொல் கேக்க வந்தனான். இனி என்னத்துக்கு."

"என்னட்டைக் கேளுங்கோ. இருபது வருசம் இருந்தனான் அவரோட."

மரியநாயகி அந்த விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "எங்களுக்கு இரண்டு ஓலை வாசிச்சது. மூண்டாம் ஓலைக்குத் தேப்பன் தடை சொல்லுவார் எண்டு கதை. அதுக்குள்ள சனம் ஓடிட்டுது. அவர் தப்பினாரோ, இல்லாட்டி..." 

யசிந்தா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "ஆர் சொன்னது இரண்டெண்டு? மூண்டு ஓலையும் வாசிச்சதெல்லோ?"

"இல்லை. இரண்டு. நான்தானே எழுதினனான்."

"மூண்டு. எனக்குத் தெரியும்" என்றாள் யசிந்தா. குரலில் பழைய எரிச்சல் ஒன்று எட்டிப் பார்த்தது. "ஹொலண்டில எங்கட கலியாணத்துக்கு ஓலை எழுதக் குடுக்கேக்க, அங்கத்தைச் சுவாமியிட்ட இவர் எழும்பி நிண்டு சொல்லுறார், எனக்கு ஏற்கெனவே மூண்டு ஓலை வாசிச்சது, பொம்பிளை வேற எண்டு. நான் பக்கத்தில இருக்கிறன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? முதல் வருசங்களில உங்களில எனக்குச் சரியான கோவம், அக்கா. கண்ணால காணாத ஒரு ஆளில."

"எங்க வாசிச்சது?"

"வன்னியில, அக்கராயனில. இடம்பெயர்ந்து போய், தறப்பாளால கூடாரம் அடிச்சுக் கோயிலாக்கி வைச்சிருந்தவையாம். உங்கட பாசையூர்ச் சுவாமிதான் பூசை. ஊர்ச்சனம் பாதி அங்கதானே நிண்டது. இவர் போய்ச் சுவாமியிட்டச் சொல்லியிருக்கிறார், மூண்டாம் ஓலை மிச்சம் கிடக்கு, வாசிச்சு விடுங்கோ எண்டு. சுவாமி சொன்னவராம், பொம்பிளை எங்க எண்டு தெரியாமல் என்னெண்டு வாசிக்கிறது எண்டு. இவர் விடேல்லை."

மரியநாயகியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"செபஸ்தியாம்பிள்ளை மாமா முன்னுக்குத்தான் குந்தியிருந்தவராம். சுவாமி வாசிச்சு முடிச்சு, தடை அறிஞ்சவை சொல்லுங்கோ எண்டு கேட்டதும், எல்லாச் சனமும் மாமாவைத்தான் பாத்ததாம். அவர் வாயே திறக்கேல்லை. ஆனால் ஒரு ஆள் எழும்பினது."

"ஆர்?"

"இவர்தான். ஆம்பிளையள் பக்கத்தில எழும்பி நிண்டு, எல்லாருக்கும் கேக்கக் கேட்டாராம், 'சுவாமி, பொம்பிளையைக் காணேல்லை. அது தடையோ?' எண்டு."

தெருவில் ஒரு பஸ் போனது. பெட்டிகள் அதிர்ந்தன.

"சுவாமி என்ன சொன்னவர்?" என்று கேட்டாள் மரியநாயகி. 

"தடையில்லை, இரு மகன் எண்டு சொன்னவராம். இருந்தவர்தான். நாலு வருசம் இருந்தவர். பிறகு ஆரோ வன்னிக்கு வந்த ஒரு ஆள் சொல்லியிருக்கு, அறைவீட்டு மரியநாயகி லண்டனுக்குப் போட்டாள் எண்டு. அந்த நாளையில ஒரு குமர்ப்பிள்ளை தனிய லண்டனுக்கு என்னத்துக்குப் போறது? மாப்பிள்ளையிட்டத்தானே. அதோட இவரும் எழும்பி வெளிநாடு வந்தவர். உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அக்கா?"

"நான் கலியாணம் கட்டேல்லை" என்றாள் மரியநாயகி. "அண்ணற்ர பிள்ளையளைப் பாக்க வந்தனான்."

யசிந்தா பெட்டியிலிருந்து எழும்பினாள், திரும்பவும் இருந்தாள்.  கடைசியில் மீன் நாற்றமடிக்கிற கையால் மரியநாயகியின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தி வாழ்ந்ததற்கும் ஒருத்தி வாழாததற்கும் அழுதார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அழுகிறபோது அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாரோ வாடிக்கைக்காரர் கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

வெளிக்கிடும்போது யசிந்தா விளைமீனை வெட்டிக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தாள். "குழம்புக்குப் பழப்புளி காணாது, கொஞ்சம் மாங்காயும் போடுங்கோ. அவருக்கு அப்பிடித்தான் விருப்பம்" என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்தாள். மரியநாயகி "ஓம், தெரியும்" என்றாள். உண்மையில் தெரியாது. அவனுக்கு ஒரு நாளும் அவள் சமைத்துப் போட்டதில்லை.

ட்ரெயினில் இடம் கிடைத்தது. மடியில் மீன் பை, காஞ்சிபுரம் சேலையில் ஈரம் ஊறியது. முப்பது வருசமாக ஒரு மனிதன்மேல் கோபித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதனோ ஊர்ச்சனம் அத்தனை பேர் முன்னாலும் எழும்பி நின்று அவளைக் காணவில்லை என்று கேட்டிருக்கிறான். இப்போது கோபம் போய்விட்டது, அது இருந்த இடத்தில் அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்து குந்திக்கொண்டது. கோபமாவது பரவாயில்லை, ஆளில்லாமலும் கோபிக்கலாம். இந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவன் கேட்ட கேள்விக்கு அந்தத் தறப்பாள் கோயிலில் பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, "இஞ்ச இருக்கிறன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிரில் இருந்த பெடியன் மீன் மணத்துக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனான். அவள் சொன்னாள், மெல்ல, யாருக்கும் கேட்காமல்.

வீட்டில் குழம்புக்கு மாங்காய் போட்டாள். தனுஷியா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மாமியின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

"அவர் மோசம் போய் நாலு வருசமாச்சாம்" என்று மரியநாயகியே சொன்னாள். "கிளறன்ஸ்."

சட்டம் போட்ட நாளுக்குப் பிறகு அந்தப் பேரை அந்த வீட்டில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் நின்ற மச்சாள் கரண்டியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். "எங்களுக்கு அப்பவே தெரியும் மச்சாள்" என்றாள். "உங்களிட்ட என்னெண்டு சொல்லுறது?"

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனாள். ஹிலரி கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஜெத்ரோ டன், ஹானா வெப் வரிக்குப் போய், அக்டோபர் இருபத்து நான்கை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கட்டம் பழையபடி வெள்ளையானது. உள்ளதை உள்ளபடி. கடைசியில் குறிப்பு எழுத ஒரு இடம் உண்டு. அதில் ஆங்கிலத்தில் அடித்தாள்: மூன்றாம் வாசிப்பு இங்கே பதியப்படவில்லை. தடையும் பதியப்படவில்லை.

ஹிலரி பின்னால் நின்று வாசித்தாள். "நல்லது. ஆனால் 'இங்கே' என்பது தேவையா மேரி? பதியப்படவில்லை என்றால் போதுமே."

"தேவை" என்றாள் மரியநாயகி. "வேறு எங்கேயாவது வாசித்திருப்பார்கள்."

 ஹிலரி மரியநாயகியின் முகத்தைப் பார்த்து, பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்தாள். மரியநாயகி பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். அடுத்த சோடிக்கு மூன்று ஞாயிறும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அடித்தாள்.